பேரிடர் நிவாரணமும் கிரிப்டோ நன்கொடையும்: 2023 துருக்கி நிலநடுக்கத்தின் அனுபவம்

2023 பிப்ரவரி 6 அன்று தென்கிழக்குத் துருக்கியையும் வட சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் உலகெங்கிலுமிருந்து வந்த நிவாரண நிதியில் ஒரு பகுதி கிரிப்டோ நாணயங்களாக வந்தது. அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் அளித்த தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய பகுதிதான். ஆனாலும் பேரிடர் நிதி திரட்டும் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா, யார் கையில் சேர்ந்தது, எதற்குச் செலவானது என்ற பழைய கேள்விகளுக்குப் புதிய தொழில்நுட்பம் எந்த அளவுக்கு விடை தரும் என்பது அங்கே நடைமுறையில் சோதிக்கப்பட்டது. சிலவற்றுக்கு விடை கிடைத்தது. சிலவற்றுக்கான விடை கணினியிலிருந்து வரவில்லை. ஒரு நாளிதழிலிருந்து வந்தது.

பொதுப் பேரேடு

கிரிப்டோ நாணயங்களில் முதலாவது பிட்காயின். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவரோ ஒரு குழுவினரோ 2008 அக்டோபர் 31 அன்று அதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். 2009 ஜனவரியில் அது செயல்படத் தொடங்கியது. வங்கியில் ஒருவரின் கணக்கு விவரம் அவருக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும். பிட்காயினில் அப்படியில்லை. ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயின் எனப்படும் பேரேட்டில் பதிவாகிறது. அந்தப் பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளன. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். எழுதியதை அழிக்கவோ திருத்தவோ இயலாதபடி ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் அதற்கு முந்தையதோடு கணித முறையில் பிணைக்கப்பட்டுள்ளது. 2015இல் தொடங்கிய ஈதரியம் உள்ளிட்ட பல வலையமைப்புகளும் இதே அடிப்படையில் இயங்குகின்றன.

இந்தப் பேரேட்டில் ஆட்களின் பெயர் இருப்பதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரிகளே இருக்கும். ஒரு முகவரிக்கு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, அங்கிருந்து எவ்வளவு எந்த முகவரிக்குப் போனது என்பதெல்லாம் வெளிப்படை. அந்த முகவரியின் சொந்தக்காரர் யார் என்பது மட்டும் அவர் தாமே அறிவித்தாலோ வேறு வழியில் கண்டறியப்பட்டாலோ தான் தெரியும்.

நம் ஊர்க் கலியாண வீட்டு மொய் நோட்டோடு இதை ஒருவாறு ஒப்பிடலாம். யார் எவ்வளவு எழுதினார் என்பது அந்த நோட்டில் வரி தவறாமல் இருக்கும். பிறகு பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் திரண்ட பணத்தில் பந்தல்காரருக்கு எவ்வளவு, சமையல்காரருக்கு எவ்வளவு போனது என்பதை மொய் நோட்டில் தேடினால் கிடைக்காது. அதற்கு வேறு கணக்கு வேண்டும். கிரிப்டோ நன்கொடையின் பலமும் குறையும் இந்த ஓர் இடத்திலேயே அடங்கியிருக்கின்றன.

துருக்கிக்கு முந்தைய முயற்சிகள்

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் சூறாவளியின்போது சேவ் த சில்ட்ரன் அமைப்பு நிவாரணத்துக்குப் பிட்காயினை ஏற்றது. பெரிய பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கிரிப்டோ நன்கொடையை ஏற்ற தொடக்க நிகழ்வுகளில் அது ஒன்று. 2014இல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கமும் பிட்பே என்ற இடைநிலை நிறுவனத்தின் வழியே பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. வந்த நாணயம் உடனுக்குடன் டாலராக மாற்றப்பட்டதால் விலை ஏற்ற இறக்கத்தின் சுமை சங்கத்தின் மீது விழவில்லை. அதற்குப் பதிலாக ஓர் இழப்பும் இருந்தது. டாலராக மாறிய நொடியிலேயே அந்தப் பணம் பொதுப் பேரேட்டை விட்டு வெளியேறி, வழக்கமான வங்கிக் கணக்கில் கலந்துவிட்டது.

ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2019 அக்டோபரில் வேறு வழியைத் தேர்ந்தது. பிட்காயினையும் ஈதரையும் பெற்று, அப்படியே வைத்திருந்து, அதே நாணயமாகவே வழங்குவதற்கென ஒரு நிதியைத் தொடங்கியது. கொடுத்தவரிடமிருந்து பெற்றவர் வரை பணம் செல்லும் வழி முழுவதும் பேரேட்டில் தெரியவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இவற்றைவிடப் பெரிய அளவில் சோதனை நடந்த இடம் இந்தியா. 2021 ஏப்ரலில் கோவிட் இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கி, மருத்துவமனைகளில் ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பாலிகான் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சந்தீப் நெய்ல்வால் கிரிப்டோ ரிலீஃப் என்ற நிதியை அறிவித்தார். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிரெட் லீ ஒரு பிட்காயின் அளித்தார். மே 12 அன்று ஈதரியத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான விட்டாலிக் பியூட்டரின், ஷிபா இனு என்ற நாணயத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கோடி அலகுகளை அனுப்பினார். அந்த நாணயத்தை உருவாக்கியவர்கள் அவர் கேட்காமலேயே அவருக்கு அனுப்பி வைத்தவை அவை. அன்றைய சந்தை விலையில் அவற்றின் மதிப்பு சுமார் 100 கோடி டாலர்.

அந்த மதிப்பு ஏட்டளவிலானது. அவ்வளவு பெரிய தொகுதியை ஒரே நேரத்தில் வாங்க ஆளில்லை. செய்தி பரவியதுமே நாணயத்தின் விலை சரிந்தது. நிதிப் பொறுப்பாளர்கள் சிறுகச் சிறுக விற்கவேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை சட்டத்திலிருந்து வந்தது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டிருந்தது. அதன்படி வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கி அதன் வழியாகவே பணம் பெறவேண்டும். ஓர் அமைப்பு தான் பெற்றதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. சிற்றூர்களில் பணியாற்றும் சிறு அமைப்புகளுக்கு விரைவாகப் பணம் சேர்ப்பது இதனால் கடினமாயிற்று.

நிதியின் முகவரிகள் பொதுவில் இருந்ததால் பெரும்பகுதி செலவழியாமல் இருப்பதையும் எல்லோராலும் பார்க்க முடிந்தது. நோய் அலை தணிந்த பிறகும் பணம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜனவரியில் 10 கோடி டாலர் பியூட்டரினிடமே திருப்பி அளிக்கப்பட்டது. கோவிட் தொடர்பான ஆய்வுகளுக்கு அதை அவர் விரைந்து வழங்குவதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. இருப்பு வெளிப்படையாகத் தெரிவதும் நிவாரணம் உரிய நேரத்தில் சேர்வதும் ஒன்றல்ல என்பதை இந்திய அனுபவம் காட்டியது.

துருக்கியில் நம்பிக்கை தேய்ந்த கதை

2023இல் துருக்கி மக்கள் எந்த மனநிலையில் நன்கொடை கேட்டார்கள், கொடுத்தார்கள் என்பதை அறிய அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் பார்க்கவேண்டும்.

1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் வடமேற்குத் துருக்கியின் இஸ்மித் வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அரசுக் கணக்குப்படி 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1868இல் தோன்றிய, துருக்கியில் கிஸிலாய் என அழைக்கப்படும் செம்பிறைச் சங்கம், அப்போது போதிய ஆயத்தமின்றி இருந்ததாகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. நிலநடுக்கச் செலவை ஈடுகட்டத் தொலைபேசிக் கட்டணம் போன்றவற்றின் மீது ஒரு தகவல் தொடர்பு வரி விதிக்கப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லி வந்த அந்த வரி பின்னர் நிரந்தரமாயிற்று. மக்கள் அதை நிலநடுக்க வரி என்றே அழைத்தனர்.

2011இல் கிழக்குத் துருக்கியின் வான் நகரப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அந்த வரிப்பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. சாலை, ரயில்பாதை, கல்வி, சுகாதாரம் போன்ற பல துறைகளுக்கு அது செலவிடப்பட்டதாக அன்றைய நிதியமைச்சர் மெஹ்மெத் ஷிம்ஷெக் விளக்கினார். பொது வருவாயில் சேர்ந்த வரியை அரசு எதற்கும் செலவிடலாம் என்பது நிதி நிர்வாகத்தின் கணக்கு. நிலநடுக்கத்துக்கென்று கொடுத்தோம் என்பது மக்களின் கணக்கு. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆறவேயில்லை.

தொண்டு நிறுவனங்களின் மீதும் ஐயம் இருந்தது. ஜெர்மனியில் வாழும் துருக்கியரிடம் ஏழைகளுக்கென நிதி திரட்டிய டெனிஸ் ஃபெனெரி என்ற சங்கத்தின் பொறுப்பாளர்கள், அந்தப் பணத்தை வேறு வழியில் திருப்பிய குற்றத்துக்காக 2008 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். துருக்கியில் அந்த வழக்கு நெடுங்காலம் பேசப்பட்டது.

லிராவும் கிரிப்டோவும்

கிரிப்டோ நாணயங்களோடு துருக்கி மக்களுக்கு இருந்த உறவு இன்னொரு பின்னணி. லிராவின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துவந்தது. 2022 அக்டோபரில் அரசு வெளியிட்ட பணவீக்க விகிதமே 85 சதவீதத்தைத் தாண்டியது. சேமிப்பைக் காத்துக்கொள்ளப் பலர் தங்கத்தையும் டாலரையும் நாடியதுபோலவே கிரிப்டோ நாணயங்களையும் நாடினர்.

அரசு இதை எச்சரிக்கையோடு பார்த்தது. பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விலையாகக் கிரிப்டோ நாணயங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் மத்திய வங்கியின் விதி 2021 ஏப்ரல் 16 அன்று வெளியாகி, அம்மாதம் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்குவதும் விற்பதும் தடைசெய்யப்படவில்லை. விதி வெளியான சில நாள்களிலேயே தோடெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திடீரென முடங்கியது. அதன் நிறுவனர் ஃபாரூக் ஃபாத்தி ஓசர் அல்பேனியாவுக்குத் தப்பினார். பின்னர் பிடிபட்டு, துருக்கியிடம் ஒப்படைக்கப்பட்டு, 2023 செப்டம்பரில் 11,000 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை பெற்றார்.

ஆக, நிலநடுக்கம் வந்தபோது துருக்கி மக்கள் அரசின் கணக்கை முழுமையாக நம்பவில்லை. தொண்டு நிறுவனங்களின் கணக்கிலும் ஐயம் இருந்தது. கிரிப்டோவில் பணம் இழந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

அஹ்பாப்பின் முகவரிகள்

பிப்ரவரி 6 திங்கட்கிழமை. அதிகாலை 4.17 மணிக்குக் கஹ்ரமன்மராஷ் மாகாணத்தின் பஸார்ஜிக் அருகே 7.8 அளவில் முதல் நிலநடுக்கம் ஏற்பட்டது. அன்று பிற்பகலிலேயே 7.5 அளவில் இன்னொன்று வந்தது. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறைபனிக் காலம் அது. வீடிழந்த லட்சக்கணக்கானோருக்கு உணவைப் போலவே கூரையும் உடனடித் தேவையாக இருந்தது.

துருக்கியின் அனடோலியன் ராக் இசைப் பாடகர் ஹலுக் லெவென்ட் 2017இல் அஹ்பாப் என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அச்சொல்லுக்குத் துருக்கி மொழியில் தோழன் என்று பொருள். வெள்ளம், காட்டுத்தீ போன்ற இடர்களில் தன்னார்வலர்களைத் திரட்டி உதவியதால் அது மக்களிடையே நற்பெயர் பெற்றிருந்தது. நிலநடுக்கச் செய்தி வந்ததும் நன்கொடைகள் அதற்குக் குவிந்தன. வெளிநாட்டில் இருந்தோர் கிரிப்டோவாக அனுப்ப வழி உண்டா என்று கேட்டனர்.

துருக்கியில் பொதுமக்களிடம் நிதி திரட்ட 1983ஆம் ஆண்டின் உதவி திரட்டல் சட்டப்படி அனுமதி வேண்டும். கிரிப்டோ பற்றிய 2021 விதியும் நடைமுறையில் இருந்தது. ஆகவே உரிய அதிகாரிகளோடு கலந்து பேசிய பிறகே லெவென்ட் நன்கொடை முகவரிகளை வெளியிட்டார். ஈதரியம், பிஎன்பி, அவலாஞ்சி ஆகிய வலையமைப்புகளில் அந்த முகவரிகள் இருந்தன. சில நாள்களிலேயே பல மில்லியன் டாலர் மதிப்புள்ள நாணயங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வரவையும் யாரும் எண்ணிப் பார்க்க முடிந்தது. பைனான்ஸ் நிறுவனம் வேறொரு முறையைக் கையாண்டது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் வசிப்பதாகத் தன்னிடம் முகவரி பதிந்திருந்த பயனர் ஒவ்வொருவரின் கணக்கிலும் 100 டாலர் மதிப்புள்ள நாணயத்தை நேரடியாகச் சேர்ப்பதாக அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அஹ்பாப்பின் முகவரியை மக்கள் நம்பியதற்குக் காரணம் பிளாக்செயின் அல்ல. அந்த எழுத்துச் சரம் அஹ்பாப்புக்கு உரியது என்று பேரேடு சொல்லாது. லெவென்ட் என்ற மனிதர் தம் கணக்கிலிருந்து சொன்னார். அவரை மக்கள் அறிவார்கள். முதல் நம்பிக்கை மனிதரிடமிருந்து வந்தது. பேரேடு அதன் பின்னால் நின்றது.

போலி முகவரிகள்

முகவரிகளை அறிவிக்கும் இடமாக ட்விட்டர் இருந்தது. 2022 இறுதியிலிருந்து அதில் நீலக்குறியைக் கட்டணம் செலுத்தி யாரும் பெற முடிந்ததால், கணக்கின் உண்மைத்தன்மைக்கு அந்தக் குறி சான்றாக நிற்கவில்லை. போதாக்குறைக்கு, பிப்ரவரி 8 அன்று துருக்கியில் ட்விட்டர் பல மணி நேரம் கட்டுப்படுத்தப்பட்டது. மீட்புப் பணியாளர்கள் இடிபாடுகளில் சிக்கியோரின் செய்தியைத் தேடிய அதே தளம் அது.

இந்தக் குழப்பத்தில் மோசடிக்காரர்கள் புகுந்தனர். ட்விட்டரிலும் டிக்டாக்கிலும் துருக்கிக்கு உதவுவதாகச் சொல்லும் கணக்குகள் தோன்றின. தீயணைப்பு வீரர் ஒருவர் இடிபாடுகளுக்கிடையே குழந்தையை அணைத்திருக்கும் படத்தோடு கிரிப்டோ முகவரிகளை ஒரு கணக்கு வெளியிட்டது. உற்றுப் பார்த்தால் அந்த வீரரின் வலக்கையில் ஆறு விரல்கள் இருந்தன. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. பிபிசி செய்தியாளர்கள் அந்த முகவரிகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்று 2018இலேயே மோசடிப் பதிவுகளில் பயன்பட்டது என்று தெரியவந்தது.

முகவரி நிலையானது, பழைய பதிவு அழியாதது. அதனால்தான் பழைய ஏமாற்று வேலையோடு புதியதை இணைத்துக் காட்ட முடிந்தது. ஆனால் அந்தத் தன்மையே ஏமாந்தவருக்கு எதிராகவும் நின்றது. வங்கி வழியே தவறிப்போன பணத்தை நிறுத்தும்படி கேட்க ஓர் அலுவலகமாவது உண்டு. போலி முகவரிக்குப் போன நாணயத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்க அந்த வலையமைப்பில் ஒருவருமில்லை. பேரேட்டில் பணம் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

கூடாரங்களின் கணக்கு

பிப்ரவரி 26 அன்று ஜும்ஹுரியத் நாளிதழில் முராத் ஆரெல் என்ற பத்திரிகையாளர் எழுதிய செய்தி துருக்கியை அதிரவைத்தது. நிலநடுக்கம் நடந்த சில நாள்களுக்குள் அஹ்பாப் 2,050 கூடாரங்களை 4 கோடியே 60 லட்சம் லிரா கொடுத்து வாங்கியிருந்தது. ஒரு கூடாரத்துக்கு ஏறத்தாழ 22,400 லிரா. விற்றது கிஸிலாயின் கூடாரத் தயாரிப்பு நிறுவனம். மக்கள் குளிரில் வெட்டவெளியில் கிடந்த நாள்களில், நன்கொடையால் இயங்கும் ஒரு நிவாரண அமைப்பைச் சார்ந்த நிறுவனம், நன்கொடையால் இயங்கும் இன்னோர் அமைப்புக்குக் கூடாரங்களை விலைக்கு விற்றிருந்தது.

கிஸிலாயின் தலைவர் கெரெம் கினிக் விற்பனையை மறுக்கவில்லை. அந்த நிறுவனம் தனியாக இயங்குவது, அடக்க விலைக்கே கொடுத்தது, செயல் சட்டப்படியானது என்பது அவர் தரப்பு. தொழிற்சாலை மூலப்பொருள் வாங்கி, கூலி கொடுத்து, மேலும் கூடாரங்களைத் தைக்க வேண்டுமானால் பணம் தேவை என்ற வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒருபுறம் கிஸிலாய்க்கும் மறுபுறம் அஹ்பாப்புக்கும் கொடுத்திருந்த ஒரு சாதாரணக் குடிமகனின் கண்ணில் அது வேறாகத் தெரிந்தது. ஒரு கூடாரத்துக்கு இருமுறை கொடுத்ததாக அவர் உணர்ந்தார். கினிக் பதவி விலகவேண்டும் என்ற குரல் வலுத்தது. 2023 மே மாதம் அவர் பதவி விலகினார்.

வெளிப்படைத்தன்மையைப் பற்றிய விவாதத்தில் இந்த நிகழ்ச்சி மையமானது. அஹ்பாப்புக்கு வந்த ஈதரையும் பிற நாணயங்களையும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. கூடாரம் வாங்கியதோ லிராவில், வங்கி வழியே, விலைப்பட்டியலின் பேரில் நடந்தது. அது எந்தப் பிளாக்செயினிலும் பதிவாகவில்லை. செய்தியாளர் ஒருவர் தேடி எழுதியதால்தான் வெளியே வந்தது.

பேரேடு எங்கே முடிகிறது

கிரிப்டோ நன்கொடையின் பயணத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதற்கட்டம், கொடுப்பவரிடமிருந்து அமைப்பின் முகவரிக்கு. இது முழுக்கப் பேரேட்டில் தெரியும். வந்ததைக் குறைத்துச் சொல்ல அமைப்பால் இயலாது. உண்டியலில் விழுந்த காசை எல்லோர் முன்னிலையிலும் எண்ணுவதற்குச் சமமான பலன் இது. ரொக்க நன்கொடையில் இந்த உறுதி இல்லை.

இரண்டாம் கட்டம், அமைப்பின் முகவரியிலிருந்து நாணயச் சந்தைக்கு. நாணயம் போனது தெரியும். ஆனால் சந்தை நிறுவனங்கள் பலருடைய நாணயங்களையும் ஒரே பொது இருப்பில் கலந்து வைக்கின்றன. ஆகவே அதற்குமேல் வெளியார் தொடர இயலாது. எந்த நாளில், என்ன விலைக்கு, எவ்வளவு கட்டணம் போக விற்கப்பட்டது என்பதை அமைப்பே தன் ரசீதுகளோடு சொல்லவேண்டும். விலை ஏறி இறங்கும் நாணயத்தில் ஒருநாள் தாமதமும் பல குடும்பங்களின் உணவுச் செலவுக்குச் சமமாகலாம்.

மூன்றாம் கட்டம், வங்கிக் கணக்கிலிருந்து கடைக்காரர், லாரி உரிமையாளர், கூடாரத் தொழிற்சாலை ஆகியோருக்கு. இங்கே பிளாக்செயின் இல்லை. விலைப்பட்டியலும் தணிக்கையும்தான் உண்டு.

நான்காம் கட்டம், பொருள் பாதிக்கப்பட்டவரின் கைக்குச் சேர்வது. வாங்கியவரின் கையொப்பம், விநியோகப் பட்டியல், ஊர்க்காரரின் சாட்சி ஆகியவை தவிர வேறு வழியில்லை.

நிவாரண நிதி முறைகேடுகளின் வரலாற்றை நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் கட்டங்களிலேயே நடந்துள்ளன. புதிய தொழில்நுட்பம் மிக வலுவாக உள்ள இடம் முதற்கட்டம். எல்லாம் பிளாக்செயினில் இருக்கிறது என்ற அறிவிப்பு உண்மையாக இருந்தாலும், அது முதல் கேள்விக்கான விடை மட்டுமே.

பெறுவோரின் மறைவுரிமை

எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2017இல் ஜோர்டானின் அஸ்ரக் முகாமில் சுமார் 10,000 சிரிய அகதிகளுக்குப் பிளாக்செயின் வழியே உணவு உதவி வழங்கியது. முகாமின் கடையில் கருவிழியைக் காட்டிப் பொருள் பெற்றார்கள். கணக்கு பேரேட்டில் பதிவானது. ஆனால் அந்தப் பேரேடு வெளியாருக்குத் திறந்ததல்ல; அதில் அகதிகளின் பெயர் முதலிய விவரங்களும் எழுதப்படவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர் எங்கே இருக்கிறார், என்ன வாங்குகிறார் என்பதை அழியாத பொதுப் பதிவாக வைப்பது அவருக்கே ஆபத்தாகலாம். ஐ.நா. அகதிகள் அமைப்பு 2022 டிசம்பரில் உக்ரைனில் இடம்பெயர்ந்தோருக்கு டாலர் மதிப்போடு பிணைந்த நாணயத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, அதைப் பணப்பரிமாற்ற நிலையங்களில் ரொக்கமாகப் பெற வகைசெய்தது. இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் இந்தக் கவலை பொருந்தும்.

ஆகவே பெறும் அமைப்பின் கணக்கு எவ்வளவு திறந்திருக்கவேண்டுமோ, பெறும் மனிதரின் அடையாளம் அவ்வளவு மூடியிருக்கவேண்டும். உதவி பெறுவது ஒருவரை ஊரறியக் காட்டிவிடக் கூடாது.

சிரியாவின் நிலை

அதே நிலநடுக்கத்தில் சிக்கிய சிரியாவுக்கு இன்னொரு தடை இருந்தது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் பொருளாதாரத் தடைகளால் அங்கு பணம் அனுப்ப வங்கிகள் தயங்கின. 2023 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை நிலநடுக்க நிவாரணப் பரிமாற்றங்களுக்கு 180 நாள் பொது அனுமதி வழங்கியது. எல்லை அறியாத நாணயம் என்று கிரிப்டோ போற்றப்பட்டாலும், அதை ரொக்கமாக்கித் தரும் நிறுவனங்கள் ஏதாவது ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆதலால் சட்டத்தின் வாசலைத் தாண்டாமல் நிவாரணமாக அது மாற முடியவில்லை.

பின்விளைவுகள்

துருக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிரிப்டோ சேவை நிறுவனங்களுக்கான சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாணயச் சந்தைகள் மூலதனச் சந்தை வாரியத்தின் உரிமமும் கண்காணிப்பும் பெறவேண்டும் என அது விதித்தது. தோடெக்ஸ் சரிவின் நினைவு அந்தச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது.

கிரிப்டோவில் நிதி திரட்டும் அமைப்புகள் கடைப்பிடிக்கவேண்டிய முறைகளையும் இந்த அனுபவங்களிலிருந்து தொகுக்கலாம். நன்கொடை முகவரியைச் சமூக ஊடகத்தில் மட்டுமன்றி அமைப்பின் சொந்த இணையதளத்திலும் அறிவித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யவேண்டும். ஒவ்வோர் இடருக்கும் தனி முகவரி வைக்கவேண்டும். முகவரியிலிருந்து பணத்தை எடுக்க ஒருவரின் சாவி போதாமல் பலரின் ஒப்புதல் தேவைப்படும்படி அமைக்கவேண்டும். நாணயத்தை எப்போது விற்பது என்பதை முன்கூட்டியே விதியாக்கி, விற்ற நாள், விலை, கட்டணம் மூன்றையும் வெளியிடவேண்டும். வாங்கிய பொருளின் விலைப்பட்டியலைப் பரிமாற்ற எண்ணோடு சேர்த்துக் காட்டவேண்டும். செலவாகாமல் நிற்கும் தொகைக்குக் காரணம் சொல்லவேண்டும். அமைப்பைச் சாராத தணிக்கையாளர் இவற்றைச் சரிபார்க்கவேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை ஊர்ப்பொதுப் பணத்தைக் கையாளும் எந்தப் பொருளாளரிடமும் கேட்கப்படும் பழைய கேள்விகள்தாம். கஹ்ரமன்மராஷில் வீடிழந்த குடும்பத்துக்குக் கூரை தேவைப்பட்டது. அந்தக் கூரைக்காக ஈதரும் லிராவும் வந்தன. வரவைப் பேரேடு காட்டியது. 22,400 லிராவுக்கு ஒரு கூடாரம் வாங்கப்பட்ட செய்தியை ஒரு பத்திரிகையாளர் காட்டினார். இரண்டும் சேர்ந்தபோதுதான் கொடுத்தவருக்குத் தன் பணத்தின் கதை முழுமையாகத் தெரியத் தொடங்கியது.